புகைபோக்கிகளுக்கு ஜாதகம் பார்க்கும் தளம்: எக்கோவோடு சில வாரங்கள்

அமெரிக்காவில் இருக்கும் நண்பன் ஒருவன் வேலை மாறி, புது ஊரில் வீடு தேடிக்கொண்டிருந்தான். வாடகை கட்டுப்படியாகிற வீடு ஒன்று அமைந்தது. பகலில் போய்ப் பார்த்தபோது ஒரு குறையும் இல்லை. இன்னொரு நாள் இரவில் போனபோதுதான் பெயின்ட் டப்பாவைத் திறந்து மூக்குக்குக் கீழே வைத்த மாதிரி வாடை. வீட்டுக்காரரைக் கேட்டால் "அது எப்போதாவது வரும்" என்று முடித்துக்கொண்டாராம். "சுத்துவட்டாரத்துல நாலஞ்சு ஃபேக்டரி இருக்குடா, எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று என்னைக் கேட்டான், எண்களோடு மல்லுக்கட்டுகிற ஆள் என்று என்மேல் அவனுக்கு ஒரு நம்பிக்கை. அப்படித்தான் எக்கோவுக்குள் போனேன். போனவன் சில வாரங்கள் வெளியே வரவில்லை.

எக்கோ என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ 2002-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இணையதளம். 'என்ஃபோர்ஸ்மென்ட் அண்ட் கம்ப்ளையன்ஸ் ஹிஸ்டரி ஆன்லைன்' என்பதன் சுருக்கம். எந்தத் தொழிற்சாலை எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது, கடைசியாக யார் எப்போது போய்ப் பார்த்தார்கள், மீறல் பிடிபட்டதா, பிடிபட்டால் நோட்டீஸ் போனதா, அபராதம் எவ்வளவு, எல்லாம் ஒரே இடத்தில். காற்று, தண்ணீர், அபாயக் கழிவு மூன்றுக்கும் சேர்த்து. காசு கிடையாது, லாகின் கேட்காது. ஊர்ப் பெயரையோ ஜிப் கோடையோ போட்டால் வரைபடத்தில் புள்ளிகளாக வந்து நிற்கும். பெரும்பாலான தரவுகள் வாரத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகின்றன. அரசாங்கம் தன் சொந்த அமலாக்கத்தின் குறிப்பேட்டை இப்படி விரித்து வைப்பது சாதாரண விஷயம் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கு மேல் நிறையக் குறை சொல்லப் போகிறேன்.

ஒரு புள்ளியைச் சொடுக்கினால் அந்த இடத்தின் விரிவான அறிக்கை திறக்கும். ஜாதகக் கட்டம் மாதிரி மூன்று வருடத்துக்குக் காலாண்டு காலாண்டாகக் கட்டங்கள், அவற்றில் அந்தந்தக் காலாண்டின் நிலை, அப்புறம் ஐந்து வருட ஆய்வுகளும் நடவடிக்கைகளும். நண்பனின் வட்டாரத்தில் இருந்த ஐந்து இடங்களையும் வரிசையாகத் திறந்தேன். நான்கில் 'மீறல் எதுவும் கண்டறியப்படவில்லை' என்று இருந்தது. நண்பனுக்கு ஒரே சந்தோஷம், "அப்ப நாலும் சுத்தம்தானே?" என்றான்.

இங்கேதான் முதல் ஆள் வழுக்கி விழுவான். கண்டறியப்படவில்லை என்றால் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. யாராவது போய்ப் பார்த்தால்தானே கண்டறிய முடியும்? அதனால் அந்தக் கட்டங்களைப் பார்ப்பதற்கு முன்னால் கீழே இறங்கி ஆய்வுத் தேதிகளைப் பாருங்கள். கூட்டாட்சிக் கொள்கைப்படி பெரிய உமிழ்வு மூலங்களை முழுமையாக ஆய்வு செய்ய வேண்டியது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. பொதுவாக ஏதாவது ஒரு மாசுபடுத்தியை வருடத்துக்கு 100 டன் வெளியிடக்கூடிய இடம், அல்லது பட்டியலிடப்பட்ட நச்சு வாயு ஒன்றை 10 டன்னோ எல்லாம் சேர்த்து 25 டன்னோ வெளியிடக்கூடிய இடம்தான் 'பெரிய' மூலம். அந்த எல்லைக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறோம் என்று உரிமத்தில் எழுதிக்கொடுத்து, பெரிய மூலம் என்ற முத்திரையிலிருந்து தப்பித்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. அவற்றில் எல்லைக் கோட்டை ஒட்டி நிற்பவற்றுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. அதற்கும் கீழே இருப்பவற்றுக்கு அந்த மாதிரி கட்டாயக் கால அட்டவணையே இல்லை. நான் பார்த்த நான்கு 'சுத்தமான' இடங்களில் ஒன்றில் ஐந்து வருட நெடுவரிசையே காலியாக இருந்தது. சுத்தமா அசுத்தமா என்று சொல்ல அங்கே ஒன்றுமே இல்லை. பரீட்சை எழுதாதவனுக்கு ஃபெயில் மார்க் வராது, அவ்வளவுதான்.

சரி, எவ்வளவு வெளியே விடுகிறார்கள் என்ற கணக்குக்கு வருவோம், எனக்குப் பிடித்த பகுதி இதுதான். காற்று மாசு அறிக்கை என்று தனியாக ஒன்று இருக்கிறது, அது நான்கு வெவ்வேறு கணக்குப் புத்தகங்களிலிருந்து எண்களை எடுத்து ஒரே பக்கத்தில் வைக்கிறது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை தயாராகும் தேசிய உமிழ்வுப் பட்டியல், வருடா வருடம் நிறுவனங்கள் கொடுக்கும் நச்சு வெளியீட்டுப் பட்டியலான டிஆர்ஐ, பசுங்குடில் வாயுக் கணக்கு, மின் நிலையங்களின் மணிக்கணக்கான அளவீடு. இதில் டிஆர்ஐ பிறந்த கதை நமக்கு அந்நியமானது இல்லை. 1984 டிசம்பரில் போபாலில் நடந்தது உலகத்துக்கே தெரியும். அடுத்த வருடமே அதே யூனியன் கார்பைடு நிறுவனத்தின் மேற்கு வர்ஜீனியா ஆலையிலும் ரசாயனக் கசிவு ஏற்பட, பக்கத்து வீட்டுக்காரனுக்கு என்ன வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்று 1986-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. போபாலின் பெயரால் அங்கே ஒருவன் உட்கார்ந்து தன் தெருவின் கணக்கைப் பார்க்க முடிகிறது. இதை நினைத்தபடி அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்கு என்னவோ செய்தது, விமர்சனத்துக்குச் சம்பந்தமில்லை, விட்டுவிடுகிறேன்.

அளவை வைத்து வரிசைப்படுத்தினேன். முதலிடத்தில் ஒரு மின் நிலையம், மற்ற நான்கையும் கூட்டினாலும் அதன் கால்வாசிக்கு வராது. பிடித்துவிட்டோம் என்றுதான் நானும் நினைத்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், அது விடுவது கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், அதுவும் வானளாவிய புகைபோக்கி வழியாக. பெயின்ட் வாடைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? பட்டியலின் அடியில், எல்லாவற்றிலும் குறைவாகக் காட்டியிருந்த ஒரு சிறிய ஆலையின் டிஆர்ஐ வரியில் டொலுயீனும் சைலீனும் இருந்தன, இரண்டும் பெயின்டில் கலக்கும் கரைப்பான்கள். அவை வெளியேறும் விதம் புகைபோக்கி வழியாக அல்ல, கசிவாகவும் ஆவியாகவும் தரைமட்டத்தில். இரவில் காற்று ஓய்ந்து, தரையை ஒட்டிய காற்று மேலே இருப்பதைவிடக் குளிர்ந்துபோனால், இந்த மாதிரித் தாழ்வான கசிவு மேலே ஏற வழியில்லாமல் அங்கேயே படுத்துக்கொள்ளும். பகலில் வாடை இல்லாததும் இரவில் இருப்பதும் இதோடு பொருந்திப்போனது.

டன்னை வைத்து ஆளைப் பிடிக்கப் போனால் இப்படித்தான் ஆகும். ஆய்வாளர்களை எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்கிற அதிகாரிக்கும் இதே சிக்கல்தான், என்ன, அவருக்கு ஐந்து இடத்துக்குப் பதில் ஐயாயிரம் இடம் இருக்கும். எடையில் பெரியது நச்சில் பெரியதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. டிஆர்ஐ எண்களோடு நச்சுத்தன்மை, சுற்றிலும் வாழும் மக்கள்தொகை இரண்டையும் சேர்த்து மதிப்பெண் போடும் ஆர்எஸ்இஐ என்ற கணக்கீட்டு முறை ஒன்றை இபிஏவே வைத்திருக்கிறது. எக்கோவைப் பார்ப்பவர்கள் அதையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டால் பாதித் தவறு குறையும்.

மீதிப் பாதி, அந்த எண்கள் எப்படி வந்தன என்பதில் இருக்கிறது. பலர் நினைப்பது மாதிரி இவை எல்லாம் கருவி வைத்து அளந்தவை இல்லை. பெரும்பகுதி கணக்குப் போட்டு எழுதியவை. ஏபி-42 என்று இபிஏவின் தொகுப்பு ஒன்று உண்டு, இத்தனை டன் நிலக்கரி எரித்தால் இவ்வளவு தூசு, இத்தனை லிட்டர் கரைப்பான் தொட்டியில் இருந்தால் இவ்வளவு ஆவி என்று வாய்ப்பாடு மாதிரி. இந்த எண்களுக்கு உமிழ்வுக் காரணிகள் என்று பெயர், ஒவ்வொரு காரணிக்கும் ஏ முதல் இ வரை தர எழுத்துகூடப் போட்டிருக்கிறார்கள். இவை சராசரிகள். சராசரி என்றால் ஏறக்குறைய பாதிப் பேர் அதைவிட அதிகமாக விடுவார்கள், அது இபிஏவுக்கும் தெரியும், 2020 நவம்பரில் "இந்தக் காரணிகளைத் தனித்தனி ஆலையின் உரிம வரம்புக்குப் பயன்படுத்தாதீர்கள்" என்ற தொனியில் ஓர் அமலாக்க எச்சரிக்கையே வெளியிட்டார்கள். ஆனால் வேறு எண் இல்லாத இடத்தில் இதைத்தான் எல்லோரும் போடுகிறார்கள். ஒரு ஆலை தன் உமிழ்வை ஏபி-42 வைத்துக் கணக்கிட்டு அறிக்கை கொடுத்து, அந்த அறிக்கையை வைத்து யாரை ஆய்வு செய்யலாம் என்று முடிவு செய்தால், பழுதான வால்வு கொண்ட ஆலையும் புத்தம்புது ஆலையும் காகிதத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். உற்பத்தி அதிகம் உள்ளவன் மேலே வருவான், ஓட்டை அதிகம் உள்ளவன் கீழே ஒளிந்துகொள்வான்.

இதற்கு நேர்மாறான ஒரு மூலை எக்கோவில் இருக்கிறது, அதற்காகவே நான் கூடுதலாக அரை நட்சத்திரம் போடுவேன். மின் நிலையங்களின் கணக்கு. அமில மழைத் திட்டத்தின் கீழ் 1995 முதல் பெரிய மின் நிலையங்களின் புகைபோக்கியிலேயே தொடர் அளவீட்டுக் கருவி, மணிக்கு மணி எண். இதில் என்னைச் சொக்க வைத்தது கருவி பழுதாகும்போது என்ன செய்கிறார்கள் என்பதுதான். கருவி வேலை செய்யாத மணி நேரத்தை வெற்றாகவோ சுழியமாகவோ விட முடியாது. அந்த இடத்தில் ஒரு மாற்று எண்ணை நிரப்ப வேண்டும், கருவி எவ்வளவுக்கு அதிகமாகப் படுத்துக்கொள்கிறதோ அந்த மாற்று எண்ணும் அவ்வளவுக்கு உயர்ந்துகொண்டே போகும், மோசமான நிலையில் இதுவரை பதிவான உச்ச அளவுகளுக்கு அருகில். அதாவது கருவியை அணைத்து வைத்தால் ஆலைக்குத்தான் நஷ்டம். 'சென்சார் ரிப்பேர்' என்ற சாக்கு உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்தச் சாக்குக்கு விலை வைத்துவிட்டார்கள் பாருங்கள். தொடர் அளவீட்டை ஆயிரக்கணக்கில் நிறுவிவிட்டு இந்த ஒரு விதியை மறந்துவிட்டால், வாங்கிய கருவி எல்லாம் அலங்காரப் பொருள்தான்.

எண்ணைக் கொடுப்பவனே எண்ணால் பாதிக்கப்படுபவனாகவும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு குஜராத்தில் நடந்த ஆய்வைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அங்கே ஆலைகளைத் தணிக்கை செய்யும் தனியார் தணிக்கையாளர்களை ஆலையே தேர்ந்தெடுத்து ஆலையே சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது. எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோஹினி பாண்டே, நிக்கோலஸ் ரயன் ஆகியோர் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து அதைச் சோதித்தார்கள். தணிக்கை அறிக்கைகளின்படி தூசு வரம்பை மீறியவை 7 சதவீதம் ஆலைகள். தனியாகப் போய் மறுபடி அளந்தபோது 59 சதவீதம். அதைவிட வேடிக்கை, அறிக்கைகளில் இருந்த எண்கள் வரம்புக்குச் சற்றுக் கீழே கும்பலாகக் குவிந்து கிடந்தன. தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கி, பொது நிதியிலிருந்து சம்பளம் கொடுத்து, சில இடங்களில் மறு அளவீடும் செய்ய ஆரம்பித்ததும் பொய் குறைந்தது, மாசும் குறைந்தது.

இதைப் படித்த பிறகு எக்கோவில் நான் தேடுவது மாறிவிட்டது. பெரிய எண் என்னைப் பயமுறுத்துவதில்லை, பெரிய எண்ணைத் தைரியமாக எழுதிக் கொடுப்பவன் ஓரளவு அளந்திருக்கிறான். வரம்புக்கு ஒரு நூல் கீழே வருடா வருடம் அசையாமல் நிற்கிற எண்ணைப் பார்த்தால்தான் சந்தேகம் வருகிறது. உற்பத்தி ஏறியும் உமிழ்வு ஏறாத ஆலை, எல்லாக் காலாண்டும் ஒரே தசமம் காட்டுகிற ஆலை, பக்கத்து ஆலைகள் எல்லாம் ஒரு பொருளைக் கணக்கில் காட்டும்போது தான் மட்டும் காட்டாத ஆலை. நண்பன் விஷயத்திலும் கடைசியில் கண்ணில் பட்டது அதுதான், அந்தச் சிறிய ஆலை மூன்று வருடமாக ஏறக்குறைய ஒரே எண்ணை எழுதியிருந்தது. உண்மையாகவும் இருக்கலாம். யாராவது ஒரு நாள் போய்க் கதவைத் தட்டிக் கேட்க வேண்டிய அளவுக்கு வினோதமாக இருந்தது, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

'அப்படியென்றால் எல்லாவற்றையும் கணினியிடம் விட்டுவிடலாம், தரவு சொல்லும் இடத்துக்கு ஆய்வாளர் போகட்டும்' என்று உற்சாகப்படுபவர்களுக்கு, அதே குழுவின் இன்னொரு ஆய்வு. குஜராத்தில் ஆய்வுகளின் எண்ணிக்கையை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்கி, கூடுதல் ஆய்வுகளைக் குலுக்கல் முறையில் ஆலைகளுக்கு ஒதுக்கிப் பார்த்தார்கள். சராசரி மாசு கிட்டத்தட்ட அசையவே இல்லை. காரணம், அதிகாரிகள் தங்கள் விருப்பப்படி போய்க்கொண்டிருந்த பழைய ஆய்வுகளில் மோசமான ஆலைகள் ஏற்கெனவே இருந்தன. எந்த ஆலை படு மோசம் என்று ஊரில் சுற்றுகிற அதிகாரிக்கு ஓரளவு தெரிந்திருக்கிறது, குலுக்கலுக்குத் தெரியவில்லை. லஞ்சத்துக்கும் அந்த விருப்புரிமைதான் கதவு திறக்கிறது என்று நம் ஆட்கள் சொல்வார்கள், அதுவும் நியாயமான பயம்தான். ஆனாலும் அனுபவம் உள்ள ஆய்வாளரின் மூக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் எண்ணை வைத்து வண்டியை ஓட்டினால் வண்டி ஓடாது. எக்கோ மாதிரித் தளத்தின் வேலை அந்த அதிகாரி போகாமல் விட்ட இடங்களையும் நமக்குக் காட்டுவது.

ஆலையின் சொந்தக் கணக்கை வேறொரு அளவீட்டோடு மோதவிடுவதுதான் உண்மையில் ஆளைப் பிடிக்கிற இடம். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு 2015-இல் ஒரு விதி வந்தது, வேலி ஓரம் முழுக்கச் சிறிய குழாய்களை மாட்டி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழற்றி, எவ்வளவு பென்சீன் சேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2018 முதல் நடக்கிறது. வருடச் சராசரி கன மீட்டருக்கு 9 மைக்ரோகிராமைத் தாண்டினால் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். தாண்டியதாலேயே அது மீறல் ஆகிவிடாது, காரணம் தேடாமல் இருந்தால்தான் மீறல், எனக்கு இந்த அணுகுமுறை பிடித்திருக்கிறது. பெரிய இயந்திரமோ விலையுயர்ந்த சென்சாரோ இல்லை, விரல் அளவு குழாய், இரண்டு வாரம் வெயிலிலும் மழையிலும் தொங்கினால் போதும். காகிதத்தில் கசியாத தொட்டி வேலியில் கசிந்துவிடும்.

அளவீடும் தந்திரத்துக்கு அப்பாற்பட்டது இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பொதுக் காற்றுத் தரக் கண்காணிப்பு நிலையங்களில் சில ஆறு நாளுக்கு ஒரு முறைதான் தூசை அளக்கின்றன, எந்த நாள் என்பது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு, அளக்கிற நாட்களில் அந்த இடங்களின் மாசு மற்ற நாட்களைவிட 1.6 சதவீதம் குறைவு என்று கண்டது. சின்ன எண்தான். ஆனால் காற்றுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாதே! 2023-இல் ஏவிய டெம்போ கருவி வட அமெரிக்காவின் மேல் பகல் முழுக்க மணிக்கு மணி நைட்ரஜன் டை ஆக்சைடைப் பார்க்கிறது, அதற்குக் கால அட்டவணை காட்டி ஏமாற்ற முடியாது. ஆனால் அதன் ஒரு கட்டம் சில கிலோமீட்டர் அகலம், பேட்டையைக் காட்டும், புகைபோக்கியைக் காட்டாது.

இனி தளத்தின் குறைகள். மொழி முதல் குறை. எச்பிவி, எஃப்சிஇ, எஸ்ஐபி என்று சுருக்கெழுத்தாகவே பேசும், அகராதிப் பக்கம் இருக்கிறது, அதைப் படிக்க இன்னொரு அகராதி வேண்டும். இரண்டாவது, ஆய்வுகளில் பெரும்பகுதியை மாநில அரசுகள்தான் செய்கின்றன, அவை அனுப்புவதைத்தான் எக்கோ காட்டுகிறது. எந்த மாநிலத்தின் எந்தத் தரவில் என்ன ஓட்டை என்று 'தெரிந்த தரவுச் சிக்கல்கள்' பக்கத்தில் இபிஏவே பட்டியல் போட்டிருக்கிறது. இப்படி ஒரு பக்கம் வைத்த நேர்மைக்குப் பாராட்டு, அதைத் தேடிப் போனால்தான் கிடைக்கும் என்பதற்குக் குட்டு. உங்கள் மாநிலம் அதில் இருக்கிறதா என்று பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். மூன்றாவது, கணக்கின் வயது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை வரும் தேசியப் பட்டியல் தயாராகி வெளியே வரவே இரண்டு மூன்று வருடம் ஆகிறது, 2020-க்கான பட்டியல் 2023-இல்தான் வந்தது. ஆலை கைமாறி, பெயர் மாறி, இயந்திரமே மாறியிருக்கும்.

பிடித்த இன்னொன்று, எக்கோ நோட்டிஃபை. ஒரு இடத்தைக் குறித்து வைத்தால் ஆய்வோ மீறலோ நடவடிக்கையோ புதிதாகப் பதிவாகும்போது மின்னஞ்சல் வரும். தினமும் போய் எட்டிப்பார்க்க வேண்டாம். மீறல் பற்றிப் புகார் கொடுக்கும் இணைப்பும் தளத்திலேயே உண்டு. நண்பன் அதில் தேதி, நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்று மூன்று இரவுகளின் குறிப்போடு எழுதிப் போட்டான். 'நாற்றம் அடிக்கிறது' என்று மட்டும் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எந்த ஆலை என்று இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியாது, வீட்டை அவன் எடுக்கவில்லை, ஊரின் மறுபக்கம் கொஞ்சம் அதிக வாடகையில் இருக்கிறான்.

ஐந்துக்கு மூன்றரை. அந்த அரை, கருவி பழுதானால் உச்ச எண்ணைப் போடும் விதிக்காக.

ஒரே ஒரு யோசனை, பார்த்த பக்கத்தை இறக்கி, தேதி போட்டு உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், அட்டவணைகளைக் கோப்பாக எடுக்கும் வசதி இருக்கிறது. 2025 பிப்ரவரியில் எந்தப் பகுதி மக்கள்மேல் மாசுச் சுமை அதிகம் என்று காட்டிய இஜேஸ்கிரீன் என்ற இபிஏவின் வரைபடத் தளம் ஒரே நாளில் காணாமல் போனது, அதே வருடம் செப்டம்பரில் பசுங்குடில் வாயு அறிக்கைத் திட்டத்தின் பெரும்பகுதியையே நிறுத்திவிடலாம் என்ற முன்மொழிவும் வந்தது. எக்கோவின் நான்கு கணக்குப் புத்தகங்களில் அது ஒன்று. நண்பன் வீடு பார்த்த வட்டாரத்து ஐந்து ஆலைகளுக்கும் என் கணினியில் ஒரு கோப்புறை இருக்கிறது. டிஆர்ஐ கணக்கைக் கொடுக்கக் கடைசி நாள் ஒவ்வொரு வருடமும் ஜூலை 1. அந்தச் சிறிய ஆலை நான்காவது வருடமும் அதே எண்ணை எழுதுகிறதா என்று பார்க்க வேண்டும்.